ஒரு பீப்பாய் குறையுது

"அக்கா, உங்க பையைக் கொஞ்சம் திறந்து காட்டுங்க."

சூப்பர்வைசர் இப்படிக் கேட்டதும் பீப்பாய் நிரப்பும் 'கறார்' அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். டிபன் பாக்ஸ், குடை, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

"போதுமா சார்? இல்ல, ஐம்பது லிட்டர் பீப்பாயை டிபன் பாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேனான்னு அதையும் திறந்து பாக்கறீங்களா?"

ஷிப்ட் முடிந்து கிளம்பிக்கொண்டிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அந்தச் சின்ன பீர் ஆலையில் அவன் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. அதற்கு முன் எட்டு மாதம் வேலை இல்லாமல் மாமனார் வீட்டில் தலைகுனிந்து உட்கார்ந்து சாப்பிட்டவன். சீக்கிரம் நல்ல பெயர் வாங்கிவிட வேண்டும் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் அது கண்ணில் பட்டது.

அதே தொட்டி. அதே பீர். மாலை ஷிப்டில் முதலாளியின் மச்சான் நிரப்பினால் இருபத்தைந்து பீப்பாய் வருகிறது. கை வேகத்துக்காக அந்த மச்சானை எல்லாரும் 'மின்னல்' என்றுதான் கூப்பிடுவார்கள். காலை ஷிப்டில் கறார் அக்கா நிரப்பினால் இருபத்திநான்குதான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வருஷக்கணக்கில்.

அந்த ஒரு பீப்பாய் எங்கே போகிறது?

இன்று காலை முழுக்க அவள் பக்கத்திலேயே நின்று பார்த்தான். கழுவிய பீப்பாய்க்குள் முதலில் வாயுவை ஏற்றினாள். பீரை மெதுவாக இறக்கினாள். அப்புறம்தான் வேகம் கூட்டினாள். வெளிக்குழாயில் நுரை எட்டிப் பார்த்த நொடியில் டக்கென்று அடைத்தாள். ஒன்று நிரம்பி முடிவதற்குள் அடுத்தது தயாராக நின்றது. தரையில் ஒரு கரண்டி பீர்கூடச் சிந்தவில்லை.

அப்படியும் இருபத்திநான்குதான்! தான் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் அவள் கைவரிசையைக் காட்டியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினான். பையில் ஒன்றும் சிக்காததால் நேரே மாடிக்கு, முதலாளியின் அறைக்குப் போனான்.

விஷயத்தைக் கேட்டு அவர் பதறுவார் என்று நினைத்தான். அவரோ சிரித்தார்.

"இதைக் கண்டுபிடிச்சு எழுதிக் குடுக்க ஒரு ஆள் வரமாட்டானான்னுதான் நானும் காத்துக்கிட்டிருந்தேன்ப்பா."

சொன்ன கையோடு ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து நீட்டினார். 'கீழே பெயர் குறிப்பிடப்பட்டுள்ள நபர் தொடர்ந்து பீரைத் திருடி வருவதை நான் நேரில் கண்டறிந்தேன்.' கீழே அக்காவின் பெயர். அதற்கும் கீழே அவன் கையெழுத்துக்கு இடம்.

"போடு. அடுத்த மாசத்துலேர்ந்து நீதான் மேனேஜர்."

அதற்குள் அக்காவையும் மேலே வரச் சொல்லியிருந்தார். உள்ளே வந்தவளிடம் எடுத்த எடுப்பிலேயே எகிறினார்.

"மின்னலைப் பாத்துக் கத்துக்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? மரியாதையா நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. போலீஸ்வரைக்கும் இழுக்க வேண்டாம்னு பாக்கறேன்."

அந்த அறையில் தொழிலாளி யாரும் உட்கார்ந்ததில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தாராளமா கூப்பிடுங்க ஐயா. வரும்போது ஒரு தராசும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"தராசு எதுக்குக்கா?" என்று கேட்டான் சூப்பர்வைசர்.

"நம்ம குடோன்லயே ஒண்ணு இருக்கே சார், பார்லி மூட்டை எடை போடறது. நான் நிரப்பினதுல ஒண்ணு, மின்னல் நிரப்பினதுல ஒண்ணு ஏத்திப் பாருங்களேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்!" முதலாளி துள்ளி எழுந்தார். "நீ கையெழுத்தைப் போடுப்பா!"

பேனாவைத் திறந்திருந்தவன் அப்படியே மூடினான். படியிறங்கிக் குடோனுக்குப் போனான். அக்காவும் பின்னாலேயே வந்தாள்.

அவள் நிரப்பிய பீப்பாய் அறுபத்திரண்டரை கிலோ. காலிப் பீப்பாயின் எடை பன்னிரண்டு போக, கணக்கு சரியாக இருந்தது.

மின்னல் நிரப்பியது அறுபதரை.

தராசுதான் கோளாறோ என்று இன்னொன்றை ஏற்றினான். அப்புறம் இன்னொன்று. எல்லாம் அறுபதரை. எல்லாவற்றின் மேலும் ஒரே முத்திரை: ஐம்பது லிட்டர்.

"நாற்பத்தெட்டு லிட்டர்ல நிறுத்திடு, வாங்கறவன் எவன் அளந்து பாக்கப் போறான்னு நான் சேர்ந்த அன்னைக்கே சொன்னாரு," என்றாள் அக்கா. "இருபத்தஞ்சுலயும் ரெண்டு ரெண்டு லிட்டர் குறைச்சா ஒரு பீப்பாய் கூட வருதே. நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல சார். ஆனா மேல ஐம்பதுன்னு அடிச்சிருக்கு. என் கை நிரப்பினா ஐம்பதுதான். பிடிக்கலேன்னா அனுப்பட்டும்னு ஏழு வருஷமா நிக்கறேன். அனுப்பறதுக்குத்தான் அவருக்கு ஒரு காரணம் கிடைக்கல. இன்னைக்கு நீங்க கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க."

அவனுக்குச் செருப்பால் அடித்தாற்போல் இருந்தது. மாடியேறினான்.

"என்ன, எடை போட்டாச்சா?" முதலாளி நிதானத்துக்கு வந்திருந்தார். கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார். "ஊர்ல எல்லாரும் செய்யறதுதான். இப்ப உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?"

அவன் கடிதத்தை நிதானமாக இன்னொரு முறை படித்தான். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எழுதியிருந்ததெல்லாம் நூற்றுக்கு நூறு உண்மை.

அக்காவின் பெயரை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் முதலாளியின் பெயரை எழுதி, கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டான்.