மேலாளரின் நேரலை

“ரெண்டு நாளா பாக்கறேன், என் மருமக முகத்தை ஒரு தடவகூட காட்டலையே!” மாநாட்டு நேரலையைப் பார்த்துக் கொதித்தாள் மாமியார்.

“அவ வேலையா இருக்காம்மா,” என்றான் மகன்.

திரையில் மருமகளின் மேலாளர் பேசினார். “இலவச மென்பொருள், ஒரு பழைய லேப்டாப். இந்த நேரலைக்குச் செலவே இல்ல. மூணு மாசம் நானே உட்கார்ந்து இந்த ஏற்பாட்டை உருவாக்கினேன்.”

“அடப்பாவி! நம்ம சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து கண்ணைக் கெடுத்துக்கிட்டது அவடா! இவன் எட்டிக்கூடப் பாக்கல. எழுந்து நாலு கேள்வி கேட்க வேண்டியதுதானே அவ?”

படம் லேசாக நடுங்கியது.

“கேமராவைப் பிடிச்சிருக்கிறதே அவதாம்மா.”

மாமியார் திரையருகே ஓடினாள். “திருப்புடி! உன் பக்கம் திருப்பு!”

நடுக்கம் நின்றது. மேலாளரின் முகம் முன்னைவிடத் தெளிவாக, திரை நிறையத் தெரிந்தது.