கறுப்புப் பெட்டியா, வெள்ளைப் பெட்டியா?

"நகருங்க, நானே பிடுங்கறேன். எனக்குத்தான் அனுபவம் இருக்கு!"

பல் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு வந்த வேகத்தைப் பார்த்து அவன் ஒதுங்கி நின்றான்.

வரவேற்பு மேசையில், கம்ப்யூட்டர் படங்களைச் சேமித்து வைக்கும் இரண்டு ஸ்டோரேஜ் சர்வர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. அவன் விற்க வந்தது கறுப்பு. நாலு ஹார்ட் டிஸ்க். போட்டிக் கம்பெனிக்காரி விற்க வந்தது வெள்ளை, இரண்டே டிஸ்க். வேர் சிகிச்சை வீடியோ ஒன்று இரண்டு பெட்டிகளிலிருந்தும் இரண்டு திரைகளில் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதே ஒரு டிஸ்க்கை உருவினாலும் படம் நிற்காது என்று இருவரும் அடித்துச் சொல்லியிருந்தார்கள்.

போன மாதம் கிளினிக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டதில் எட்டு வருட எக்ஸ்ரே படங்கள் போயே போய்விட்டன. அந்தக் கடுப்பில்தான் டாக்டர் இரண்டு கம்பெனிகளையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார். அவருக்கு மூன்று கிளினிக். மூன்றுக்கும் சர்வர் வேண்டும்.

அவனுக்கோ இது வாழ்வா சாவா விஷயம். போன வாரம் அச்சகம், அதற்கு முந்தின வாரம் ஆடிட்டர் ஆபீஸ், இரண்டு ஆர்டரையும் இந்த வெள்ளைப் பெட்டிக்காரிதான் தட்டிக்கொண்டு போனாள். "இதையும் கோட்டை விட்டீங்கன்னா திங்கக்கிழமை ஆபீஸ் பக்கமே வர வேணாம்" என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் பெட்டிக்கொரு டிஸ்க்கை உருவினார். இரண்டு வீடியோவும் அதுபாட்டுக்கு ஓடின.

"அட, ஓடுதே!" டாக்டர் கைதட்டினார். "இன்னொண்ணு பிடுங்கட்டுமா?"

"என்னோடதுல தாராளமா பிடுங்குங்க டாக்டர்! ரெண்டு போனாலும் தாங்கும்!"

"என்னோடதுல வேணாம் டாக்டர், அப்புறம் வெறும் டப்பாதான் மிஞ்சும்," என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல். "ஆனா ஒரே நாள்ல ரெண்டு டிஸ்க் எங்கயாவது போகுமா? சார் பயமுறுத்தியே விக்கிறவரு. காதை வெச்சுக் கேளுங்க, எது உறுமுதுன்னு."

டாக்டர் கறுப்பிலிருந்து இன்னொரு டிஸ்க்கையும் உருவிவிட்டு, குனிந்து காதை வைத்தார். கறுப்புப் பெட்டியின் ஃபேன் கொர்ரென்றது. வெள்ளை, இருக்கிற இடமே தெரியவில்லை.

"விலையும் அவரோடதுல பாதிதான்."

அச்சகத்திலும் இப்படித்தான் ஆரம்பித்தாள்.

"டாக்டர், இங்க மூணு நாற்காலி. ஒரே நேரத்துல மூணு ஸ்கேன் திறந்து பாருங்க. ரெண்டு டிஸ்க் இல்லாமலே என்னோடது திறந்து காட்டும்!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டான். மூன்றாவது கம்ப்யூட்டரை இணைக்கக் கேபிளைத் தேடினால், காணோம். பையைக் கவிழ்த்துக் கொட்டினான்.

"வெளி ஜிப்ல இருக்கும் சார்," என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அங்கேதான் இருந்தது. நன்றி சொல்லக்கூட அவனுக்கு நேரமில்லை. பரபரவென்று இணைத்தான். மூன்று கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் தட்டினார்கள், முதலில் கறுப்பில், அடுத்து வெள்ளையில். கறுப்பு மூன்று தாடைகளையும் சட்டென்று காட்டியது. வெள்ளை ஒன்றைக் காட்டிவிட்டு மற்ற இரண்டுக்கும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"பாதிப் பல்லு போயும் என்னமா மெல்லுது!" டாக்டர் துள்ளினார்.

"கொஞ்ச நேரம்தானே டாக்டர்," என்றாள் அவள்.

"வாயைத் திறந்து வெச்சுக்கிட்டுப் படுத்திருக்கறவனுக்கு அது ஒரு யுகம்மா."

அப்புறம் டாக்டர் நோயாளி நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். "மண்டை காயுது. ஒண்ணு சத்தமில்ல, விலை கம்மி. ஒண்ணு வேகம், கெட்டி. கடைசியா ஒரே கேள்வி, பொய் சொல்லக் கூடாது." அவனைப் பார்த்தார். "உங்க வீட்ல எது வெச்சிருக்கீங்க?"

'கறுப்பு' என்ற சொல் அவன் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளை," என்றான்.

"என்னது!"

"வீட்டுக்கு அது போதும் டாக்டர். ரெண்டு பேரு, ஒரு பாப்பா. ஃபோட்டோ, பாட்டு, பாப்பாவோட வீடியோ, அவ்வளவுதான். இந்த ஃபேன் சத்தத்துக்கு அவ தூங்கவே மாட்டா. ஆனா கிளினிக்குக்கு அது ஆகாது. நாளெல்லாம் மூணு பேரு ஸ்கேன் திறந்தா திணறிடும்."

சொல்லி முடித்ததும் மேனேஜர் முகம் கண் முன்னால் வந்தது. வேலை போச்சு என்றே நினைத்தான்.

டாக்டர் நாற்காலி குலுங்கச் சிரித்தார். "எதிராளியோட பெட்டிதான் வீட்ல இருக்குன்னு ஒத்துக்கறவரு என் கிளினிக்குக்கு மட்டும் பொய் சொல்லிடுவாரா என்ன? மூணு இடத்துக்கும் கறுப்பு. பில்லைப் போடுங்க!"

அவனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பேனாவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தான்.

அவள் வெள்ளைப் பெட்டியைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

"நீங்க ஏம்மா வருத்தப்படறீங்க? இவரோட வீட்டுக்குள்ளயே உங்க பெட்டியை நுழைச்சிருக்கீங்க, அது சாமானியமா! இவர்கிட்ட எப்படித்தான் வித்தீங்க?"

"விக்கல டாக்டர்," என்றாள் அவள், பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி. "இவரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தப்ப, என் துணிமணியோட அதையும் கையோட கொண்டு வந்தேன்."