ஆறுதல் சொல்ல வந்தவர்

தேர்தலுக்கு இன்னும் ஆறு நாள்தான். ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து தன் தொகுதியான கரக் ஊருக்கு வந்திறங்கிய எம்.பி. தலால், காலையிலிருந்து நான்கு துக்க வீடுகளுக்குப் போய்விட்டார். அந்த ஊரில் துக்கம் கேட்க வருபவர்களுக்குத் தெருவில் கூடாரம் போட்டுக் கசப்புக் காப்பி கொடுப்பது வழக்கம். தெருமுனையில் ஒரு கூடாரத்தைப் பார்த்ததும் ஐந்தாவதாக அதற்குள்ளும் நுழைந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கசப்புக் காப்பியை நீட்டினார். தலால் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மாட்டியிருந்த பெரிய போட்டோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன களையான முகம்! சாகுற வயசா இது? அல்லா உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும். எப்படித்தான் தாங்கப் போறீங்களோ!"

"நாலு வருஷமாத் தாங்கிக்கிட்டுதானே இருக்கோம்" என்றார் அபூ சகர் என்ற பெரியவர்.

"நாலு வருஷமாவா? செத்தது யாருய்யா?"

"யாரும் சாகல எம்.பி. ஐயா. இது உங்க தேர்தல் கூடாரம். அது இருபது வருஷத்துக்கு முந்தின உங்க போட்டோ. உங்க தம்பிதான் மாட்டினாரு. பேர் எழுதுறவன் இன்னும் வரல."

தலாலுக்கு முகம் வெளுத்தது.

"அப்புறம் ஏன்யா எல்லாரும் எழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"இந்தத் தடவையும் நீங்கதான் ஜெயிப்பீங்கன்னு பேசிக்கிறாங்க."