நாடகக் கொட்டகை

வெள்ளத்தில் வீடிழந்த குடும்பங்கள் நாடகக் கொட்டகையில் தங்கியிருப்பதைப் பார்த்ததும் கலாசாரத் துறை அதிகாரி முகம் சுளித்தார்.

"சாயங்காலத்துக்குள்ள எல்லாரும் காலி பண்ணிடணும். வெள்ளத்துல பாதிக்கப்பட்ட கலைஞர்களுக்காக இந்த இடத்தைப் புதுப்பிக்கப் போறோம்."

"சார், நாங்க வந்து..." என்று ஆரம்பித்தாள், ஈரப் பாயை உதறிக்கொண்டிருந்த பெண்.

"உங்க கதையெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லம்மா. கலையோட அருமை உங்களுக்கு எங்க தெரியப் போகுது?"

அவள் மூட்டை கட்டத் தொடங்கினாள். மற்றவர்களும் கட்டினார்கள். அதிகாரிக்கு மனம் குளிர்ந்தது.

அப்போது கைப்பேசி ஒலித்தது. பேசி முடித்தவர் அவர்களிடம் ஓடி வந்தார்.

"நிதி குடுக்கறவங்க அடுத்த மாசம் நேர்ல வர்றாங்களாம். இந்தக் கொட்டகையில நடிக்கிற குழுவோட நாடகத்தைப் பாத்தாதான் பணமாம். அந்தக் குழு எங்க இருக்குன்னு யாருக்காவது தெரியுமா?"

"இப்பதானே சார் அவங்களைக் காலி பண்ணச் சொன்னீங்க" என்றாள் அந்தப் பெண்.

அதிகாரி அவள் மூட்டையைப் பிடித்து நிறுத்தினார். "எப்படியாவது நடிச்சுக் குடுத்துடுங்கம்மா..."

"நடிக்கிறோம். ஆனா மாசம் பூரா ஒத்திகை பாக்கணும். குழந்தை குட்டியோட இங்கதான் இருப்போம்" என்றபடி அவள் மூட்டையை அவிழ்த்தாள். பிறகு வாசலைக் காட்டினாள்.

"ஒத்திகை நடக்கறப்ப வெளியாளுங்க உள்ள இருக்கக் கூடாது. நீங்க கிளம்புங்க, சார்."