தலை கடைசி

“தலையைத் தூக்காதீங்க மேடம்! இடுப்பு முதல்ல, தலை கடைசி!”

வானதி கத்தி முடிப்பதற்குள் அந்த ஒற்றையாள் கயாக் படகு மறுபடியும் கவிழ்ந்துவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் பக்கத்திலேயே நின்றிருந்தவள், படகைப் பிடித்து ஒரே புரட்டாகப் புரட்டினாள். ஜாய்ஸ் மேடம் மூக்கிலும் வாயிலும் காவிரி வழிய மேலே வந்தார்.

“பதினேழு” என்றார் கரையில் வேனுக்குப் பக்கத்தில் நின்ற தேர்வாளர் ஜெக்கரியா. கையில் அட்டை, அதில் மார்க் போடும் தாள்.

திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆறு அதிக ஓட்டமில்லாமல் தேங்கி நிற்கும் இடம் அது. கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வராமல், உட்கார்ந்தபடியே தண்ணீருக்குள் சுழன்று நிமிர்வதற்கு ரோல் என்று பெயர். வானதிக்கு அது தூக்கத்திலும் வரும். ஆனால் இன்றைய தேர்வு அவள் ரோல் போடுவதற்கு இல்லை, இன்னொருவரைப் போட வைப்பதற்கு. ரோல் வராத ஒருவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஒரே ஒரு தடவை தானாக நிமிர வைத்துவிட்டால் பயிற்சியாளர் சான்றிதழ். இல்லையென்றால் முத்துப்பேட்டைப் படகுத்துறையில் வருகிறவர்களுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் பழைய வேலைதான். இரண்டு வருஷம் மாட்டியாயிற்று. அலுத்துவிட்டது.

கற்றுக்கொள்ளும் ஆளைக் கொண்டுவருவது தேர்வாளரின் பொறுப்பு. “இவங்க ஜாய்ஸ் மேடம். நன்னிலத்துல கணக்கு டீச்சர். நீச்சல் தெரியும், ரோல் வராது” என்று காலையில் அறிமுகப்படுத்திவிட்டு ஜெக்கரியா சட்டென்று நகர்ந்துகொண்டார்.

விசித்திரம் என்னவென்றால், மேடத்துக்கு எல்லாமே தெரிந்திருந்தது. துடுப்பை எப்படிச் சாய்ப்பது, முழங்காலை எங்கே அழுத்துவது என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொன்னார். உடம்புதான் கேட்கவில்லை.

“இதெல்லாம் எங்க மேடம் கத்துக்கிட்டீங்க?”

“யூடியூப்புலதான்” என்றார் மேடம், முகத்தைத் துடைத்தபடி.

பக்கத்துப் பாலத்தின் மேல் டூவீலர்களை நிறுத்திவிட்டு முப்பது நாற்பது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். “அக்கா, விடாதீங்க!” என்று ஒருவர் கத்தி விசிலடித்தார். மேடம் அவருக்குக் கையாட்டினார். கூச்சமே இல்லை.

“இன்னும் பத்தே நிமிஷம்” என்றார் ஜெக்கரியா.

பதினெட்டாவது முறை. துடுப்பைச் சரியாக வீசினார். இடுப்பும் திரும்பியது. படகு பாதி நிமிர்ந்தேவிட்டது!

“மேடம், தலை! தலை!” என்று கரையிலிருந்து ஜெக்கரியா அலறினார்.

மேடத்தின் தலை விருட்டென்று அந்தப் பக்கம் நிமிர்ந்தது. படகு தொபுக்கடீரென்று பழையபடி கவிழ்ந்தது.

வானதிக்கு அப்போதுதான் பளிச்சென்று புரிந்தது. பதினெட்டு தடவையும் அந்தத் தலை நிமிர்ந்தது தேர்வாளர் நின்ற பக்கம்தான். பாலத்தில் ஊரே பார்ப்பது மேடத்துக்கு ஒரு பொருட்டில்லை. இவர் ஒருவர் பார்ப்பதுதான் தொந்தரவு.

வாயைத் திறந்தால் இவர் கோபித்துக்கொள்வார். திறக்காவிட்டால் சான்றிதழ் போய்விடும்.

“சார், நீங்க வேனுக்குப் பின்னாடி போய் நில்லுங்க.”

“யாரு, நானா? பார்க்காம எப்படிம்மா மார்க் போடுறது?”

“நீங்க பார்த்தா அவங்களுக்கு வராது சார். என்னைப் பெயில் போட்டாலும் பரவாயில்லை. போங்க சார்!”

குரல் கொஞ்சம் ஓங்கித்தான் விட்டது. வானதிக்கே பயமாகிவிட்டது. ஜெக்கரியா அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வேனுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

காலையிலிருந்து முதல் தடவையாக மேடம் வாய்விட்டுச் சிரித்தார்.

“இப்ப பாருங்க மேடம். எனக்காகவும் வேண்டாம், சாருக்காகவும் வேண்டாம். உள்ள போனதும் மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. காதைத் தோளோட ஒட்டி வச்சுக்குங்க. அவ்வளவுதான்.”

கயாக் கவிழ்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. துடுப்பு தண்ணீரைச் சீவிக்கொண்டு அரைவட்டம் போட்டது. இடுப்பு வெட்டித் திரும்பியது. படகு நிமிர்ந்தது, தோள் வந்தது, எல்லாவற்றுக்கும் கடைசியாகச் சொட்டச் சொட்டத் தலை வந்தது.

“வந்துடுச்சு! ஐயோ மேடம், வந்துடுச்சு!” வானதி தண்ணீரை வாரி வாரி இறைத்தாள். பாலம் முழுக்க விசில். மேடம் யாரும் கேட்காமலே இன்னொன்று போட்டார். ஆசை அடங்கவில்லை. மூன்றாவதும் போட்டார்.

ஜெக்கரியா ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து ஆற்றில் இறங்கிவிட்டார். நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். தேர்ச்சி!

“நீங்க பார்க்கவே இல்லையே சார்?” தாளை வாங்கிக்கொண்டே கேட்டாள் வானதி.

“வேன் ஜன்னல் கண்ணாடி வழியா பார்த்துட்டேன்மா” என்றார் அவர், திருட்டு முழியோடு.

கரையேறிய ஜாய்ஸ் மேடம், ஜெக்கரியாவின் தோளில் கிடந்த துண்டைக் கேட்காமலே உருவித் தலையைத் துவட்டினார்.

“ரோல் சொல்லித் தரேன்னு ஒன்பது வருஷமா இதே ஆத்துல இவர் என்னை முக்கி முக்கி எடுக்கிறாரு வானதி. இன்னிக்கு என்னை மேடம்னுதான் கூப்பிடணும், பொண்டாட்டின்னு மூச்சு விடக் கூடாதுன்னு கண்டிஷன் போட்டுத்தான் வந்தேன்” என்றவர், குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்: “அடுத்த வாரம் உனக்கு லீவு கிடைக்குமா? கார் ஓட்டவும் இவர்தான் எனக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காரு.”