எண் இருந்த இடத்தில் ஒரு கோடு

திரையில் கம்ப்யூட்டரின் சூட்டைக் காட்டும் எண் இருந்த இடத்தில், நேற்றிலிருந்து ஒரு சின்னக் கோடு மட்டும் நிற்கிறது. மாலைக்குள் அனுப்ப வேண்டிய அனிமேஷன் படத்தை முடித்துக்கொண்டிருக்கும் என் மகள், காய்ச்சல் பார்ப்பதுபோல், அடிக்கடி கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள். உள்ளே காற்றாடி இரைகிறது. ஜன்னல் வெயிலில் அவள் கழுத்து வியர்வை மின்னுகிறது. எனக்காக ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியைத் தூக்கி வந்து பெட்டிக்கு நேராக வைக்கிறேன். நேற்று அவள் வெளியே போயிருந்தபோது, 'சிஸ்டத்தை அப்டேட் செய்யவா?' என்று நச்சரித்த திரைக்குச் 'சரி' சொன்னது இந்த விரல்தான். அதன் பிறகுதான் இந்தக் கோடு. "நான்தான் எதையோ அமுக்கிக் கெடுத்துட்டேன் போலப்பா. உங்களுக்கு வேற கஷ்டம்," என்கிறாள். விசிறியின் தலையைத் திருப்பியபடி, "பரவாயில்ல, விடும்மா," என்று அவளை மன்னிக்கிறேன்.