கதவுக்குப் பின்னால் தொங்கிய பை

கௌசலா மருந்து அட்டைகளிலிருந்து குளிசைகளைப் பிதுக்கி, வடித்த தேயிலைக்குள் போட்டுப் பிசைகிறாள். கோழி கொத்தாமல், கிணற்றில் ஊறாமல், இறுக்கக் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுக்க வேண்டும். போர் முடிந்த பிறகும் மாமி நாகேஸ்வரி மருந்து சேர்த்துக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்ட பை, வெறுமையாய்க் கிடக்கிறது. “திரும்ப ஓட வேண்டி வந்தா மருந்துக்கு எங்க போறது, பிள்ளை?” “எல்லாம் திகதி முடிஞ்சுது, மாமி.” அட்டை உடைகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் மாமியின் கண்கள் சுருங்குகின்றன. கடைசி அட்டையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்த கௌசலாவின் கை அப்படியே நின்றுவிடுகிறது. திகதி முடியவில்லை. போன கிழமை கிளினிக்கில் மாமிக்கு இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த பிறசர் குளிசை. ஒன்றைக்கூட அவா போடவில்லை. “அது நல்லதுதானே,” மாமி கையை நீட்டுகிறா. “பைக்குள்ள வை, பிள்ளை.”